40 கட்டிலுக்கு ஒருத்தி: வார்டில் தொற்றை எங்கே மறிப்பது

நர்சிங் புத்தகத்தில் தொற்றுச் சங்கிலி என்று ஆறு வளையம் போட்டு ஒரு படம் இருக்கும். கிருமி, அது குடியிருக்கும் இடம், வெளியே வரும் வழி, பரவும் விதம், உள்ளே நுழையும் வழி, எதிர்ப்பு குறைந்த ஆள். பரீட்சையில் அதை வரைந்து மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். அந்தப் படத்தில் விட்டுப்போன ஆள் நர்ஸ். 7-ஆம் கட்டிலில் சீழ் பிடித்த காலோடு படுத்திருப்பவரின் கிருமி, 12-ஆம் கட்டிலில் நேற்று ஆபரேஷன் முடிந்தவரிடம் தானாகப் போவதில்லை. பெரும்பாலும் நம் கையில் ஏறித்தான் போகிறது.

நான் அரசு மருத்துவமனையில் மெடிக்கல் வார்டு, அப்புறம் ஐ.சி.யூ. பார்த்துவிட்டு, இப்போது தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக எல்லா வார்டுகளையும் சுற்றி வருகிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் தங்கச்சிகளும் தம்பிகளும் கேட்பது ஒன்றுதான்: "சிஸ்டர், புரோட்டோகால் எல்லாம் தெரியும். நைட்டில் 40 பேருக்கு ஒருத்தியாக நிற்கிறேன். எதைச் செய்வது, எதை விடுவது?" நியாயமான கேள்வி. 'எல்லாவற்றையும் செய்' என்று பதில் சொல்வது சுலபம், ஆனால் அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஆகவே எங்கே மறித்தால் அதிகம் தடுக்க முடியும் என்ற கணக்கில் இதை எழுதுகிறேன்.

கிருமியின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட அது வரும் வழியைப் பாருங்கள். வார்டில் மூன்று வழிகள்தான் முக்கியம். கை வழி, காற்று வழி, ஊசி வழி. கொசு, தண்ணீர், சாப்பாடு எல்லாம் உண்டு, ஆனால் நம் அன்றாடப் போராட்டம் இந்த மூன்றோடுதான்.

கை

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் கொடுத்த வழிகாட்டியில் கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்கள் இருக்கின்றன. நோயாளியைத் தொடும் முன். ஊசி, டிரெஸ்ஸிங், கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போன்ற சுத்த வேலைக்கு முன். ரத்தம், சிறுநீர், சளி பட்டிருக்கக்கூடிய வேலை முடிந்ததும். நோயாளியைத் தொட்ட பின். அவருடைய கட்டில், ஸ்டாண்டு, லாக்கரைத் தொட்ட பின்.

கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். ஆல்கஹால் கைத்தேய்ப்புக்கு 20 முதல் 30 வினாடி, சோப்புத் தண்ணீருக்கு 40 முதல் 60 வினாடி. 40 பேர், ஆளுக்கு ஐந்து தடவை, தடவைக்கு 30 வினாடி என்றால் ஒரு சுற்றுக்கே 100 நிமிடம். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் ஒட்டுமொத்தமாகக் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் கணக்கே தப்பு. 5-ஆம் கட்டிலை முடித்துவிட்டு நேராக 6-ஆம் கட்டிலுக்குப் போகும்போது, நடுவில் ஒரு தடவை தேய்த்தால் போதும். அதுவே 5-க்குப் 'பின்', அதுவே 6-க்கு 'முன்'. சுற்றுக்கு 20 நிமிடம். அதையும் நடந்துகொண்டே தேய்க்கலாம்.

அதற்கும் முடியாத இரவு வரும். ஒருவருக்கு மூச்சுத் திணறல், இன்னொருவருக்கு ஃபிட்ஸ், போனில் கேஷுவாலிட்டி அழைக்கும். அந்த நேரத்தில் பிபி பார்க்கும் முன் கை தேய்க்காமல் போனால் நான் சத்தம் போட மாட்டேன். ஆனால் இரண்டு இடத்தில் விடவே கூடாது. ஒன்று, உடம்புக்குள் போகிற எதையாவது தொடும் முன்: வென்ஃப்ளான் (டிரிப் ஏற்ற நரம்பில் போட்டு வைக்கும் சின்னக் குழாய்), சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்துக்குள் போகும் குழாய்), கதீட்டர், டியூப், திறந்த புண். இரண்டு, ரத்தமோ கழிவோ பட்ட பின். தோல் என்கிற மதில் திறந்திருக்கும் இடம் முதலாவது. கையில் கிருமிப் பாரம் அதிகமாக ஏறுகிற இடம் இரண்டாவது.

உள்ளங்கை நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு விட்டுத் தேய்ப்பது சாமி தீர்த்தம் வாங்குவது மாதிரி, மனதுக்கு மட்டும்தான் ஆகும். விட்டுப்போகிற இடங்கள் எப்போதும் அதேதான்: கட்டை விரல், விரல் நுனி, விரல் இடுக்கு. அதனால் நுனியில் ஆரம்பியுங்கள், உள்ளங்கையை எப்படியும் தேய்த்துவிடுவீர்கள். காயும்வரை தேய்க்க வேண்டும், துணியில் துடைக்கக் கூடாது. கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் ஆல்கஹால் வேலைக்கு ஆகாது, சோப்புதான். வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்தாலும் சோப்புதான், ஏனென்றால் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் போன்ற குடல் கிருமிகளின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது.

வளையல், மோதிரம், வாட்ச் மூன்றும் டியூட்டியில் வேண்டாம். கல்யாணமான புதிதில் கண்ணாடி வளையலைக் கழற்ற வீட்டில் விட மாட்டார்கள், தெரியும். டியூட்டி ரூம் வரைக்கும் போட்டுக்கொண்டு வந்து, அங்கே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். வாஷ் பேசின் பக்கத்தில் ஆணியில் ஒரு பொது டவல் தொங்கும் பாருங்கள், அதை எடுத்து எறிந்துவிடுங்கள். காலையிலிருந்து பத்துப் பேர் துடைத்த ஈரத் துணியில் கழுவிய கையைத் துடைப்பதற்குக் கழுவாமலே இருக்கலாம். பேப்பர் டவல் கிடைக்காத இடத்தில் பழைய பருத்தித் துணியைக் கைக்குட்டை அளவு வெட்டி, ஒருவருக்கு ஒன்று, ஒரே தடவை, பிறகு சலவைக்கு என்று வைத்து நடத்துகிற வார்டுகள் உண்டு. நன்றாகவே நடக்கிறது.

கைத்தேய்ப்பு பாட்டிலை ஒவ்வொரு கட்டில் காலிலும் மாட்டச் சொல்வார்கள். ஆண்கள் மெடிக்கல் வார்டில் மாட்டினால் சாயங்காலத்துக்குள் காலியாகிவிடும், கையில் தேய்த்து அல்ல. குடியை நிறுத்தி இரண்டு நாள் ஆன ஆள் அதைக் குடித்துவிடுவார். அங்கே பாக்கெட் பாட்டில்தான் சரி.

கிளவுஸ் பற்றி ஒரு வார்த்தை. அது உங்களைக் காப்பாற்றும், அடுத்த நோயாளியைக் காப்பாற்றாது. கிளவுஸ் போட்ட கையோடு ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் போய், நடுவில் கேஸ் ஷீட்டைப் புரட்டி, போனையும் எடுப்பவரைவிட வெறுங்கையோடு வேலை செய்பவர் மேல். வெறுங்கையில் பிசுபிசுப்பு தெரியும், கழுவத் தோன்றும். ஒரு வேலைக்கு ஒரு ஜோடி, கழற்றியதும் கை சுத்தம். அவ்வளவுதான்.

டிரிப் ஓடும் கை

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் வார்டில் நடக்கும் தப்புகளில் பாதி இந்த ஒரு முழ நீளத்துக்குள் நடக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. சீனியர் செய்ததைப் பார்த்து ஜூனியர் செய்து, அப்படியே பழக்கமாகிவிட்டது.

பிளாஸ்டரை எடுத்துக்கொள்வோம். வென்ஃப்ளான் போடும் முன் பிளாஸ்டரை மூன்று துண்டாகக் கிழித்து, கட்டில் கம்பியில் வரிசையாக ஒட்டி வைப்போம். அந்தக் கம்பியை அன்றைக்கு யார் யார் பிடித்தார்கள்? நோயாளி, அவர் பையன், பெட்பேன் வைத்த ஆயாம்மா. அதிலிருந்து பிய்த்து, ஊசி போன துளைக்கு நேர் மேலே ஒட்டுகிறோம். பசைப் பக்கம் எதையும் விடாமல் ஒற்றி எடுத்துக்கொண்டு வரும். தூய ட்ரேயின் உள் விளிம்பில் ஒட்டி வையுங்கள், அல்லது துளைக்கு மேல் வருவது ஸ்டெரைல் துணியாகவோ ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங்காகவோ இருக்கட்டும், பிளாஸ்டர் அதன் ஓரத்தைப் பிடித்தால் போதும். எல்லா நர்ஸ் பாக்கெட்டிலும் இருக்கிற பிளாஸ்டர் ரோலின் ஓரத்தை ஒரு தடவை வெளிச்சத்தில் பாருங்கள். நூலும் முடியும் அழுக்கும் ஒட்டியிருக்கும்.

அடுத்தது ஸ்பிரிட் பஞ்சு. காலையில் ஒரு டப்பாவில் பஞ்சை ஊறப்போட்டு, நாள் முழுக்க எல்லோரும் கைவிட்டு எடுப்பது. ஸ்பிரிட் ஆவியாகிக்கொண்டே இருக்கும், விரல்களோ போய் வந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் அது வெறும் ஈரப் பஞ்சு. உலர்ந்த பஞ்சைத் தனியாக வைத்து, தேவைப்படும்போது ஸ்பிரிட்டை ஊற்றிக்கொள்ளுங்கள். தோலில் 30 வினாடி துடைத்து, 30 வினாடி காய விட வேண்டும். ஊதிக் காயவைக்கக் கூடாது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, பாட்டில் தலையில் குத்தி வைக்கும் ஊசி. டிரிப் வேகமாக ஓட, காற்று போக என்று தலைகீழாகத் தொங்கும் சலைன் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஓர் ஊசியைக் குத்தி விடுவது. வடிகட்டி இல்லாத அந்தத் துளை வழியாக வார்டின் தூசி எல்லாம் நேராக மருந்துக்குள், அங்கிருந்து ரத்தத்துக்குள். காற்று வழி உள்ள டிரிப் செட்டில் வடிகட்டியோடு ஒரு சின்ன மூடி இருக்கிறது, அதைத் திறந்தால் போதும். அது இல்லாத செட் வந்தால் இண்டெண்ட் (ஸ்டோருக்குத் தேவைச் சீட்டு) எழுதி மாற்றிக் கேளுங்கள்.

நான்காவது, மருந்து கரைக்க என்று மேசையில் நிற்கிற ஒரே பெரிய சலைன் பாட்டில். ரப்பர் மூடியில் ஓர் ஊசி நிரந்தரமாகக் குத்தியிருக்கும், வருகிறவர் எல்லாம் சிரிஞ்சை மட்டும் மாட்டி இழுத்துக்கொள்வார்கள். ஒரு தடவை அதில் கிளெப்சியெல்லா போன்ற ஒரு கிருமி நுழைந்துவிட்டால், அன்றைக்கு அந்த வார்டில் ஆன்டிபயாடிக் ஊசி போட்ட எல்லோருக்கும் குளிர் ஜுரம். கரைக்க ஆளுக்கு ஒரு சின்ன ஆம்பூல் இருக்கிறது. இல்லையென்றால் இண்டெண்டில் கேளுங்கள். பல டோஸ் குப்பி என்றால் திறந்த தேதியை எழுதி, ஒவ்வொரு தடவையும் ரப்பர் மூடியை ஸ்பிரிட்டில் துடைத்து, புது ஊசி, புது சிரிஞ்ச். இன்சுலின் பேனா ஊசியை மாற்றினாலும் இன்னொருவருக்குப் போடக் கூடாது. அது ஆளுக்கு ஒன்று.

மருந்து ஏற்றும் முன் வென்ஃப்ளான் வாயை ஸ்பிரிட்டால் 15 வினாடி அழுத்தித் தேய்த்து, காய விட்டு, பிறகு ஏற்றுங்கள். மேலே கலர் மூடி இருக்குமே, அதைத் திறந்துபோட்டுவிட்டுப் போகாதீர்கள். ஷிஃப்டுக்கு ஒரு தடவை துளையைப் பாருங்கள், நோயாளியிடம் "வலிக்குதாங்க?" என்று கேளுங்கள். சிவப்பு, வீக்கம், வலி, நரம்பு கயிறு மாதிரி தடிப்பு, இதில் எது இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். மாத்திரைக்கு மாறி இரண்டு நாள் ஆகியும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று விட்டு வைக்கிற வென்ஃப்ளான்தான் எனக்கு ரவுண்ட்ஸில் அதிகம் கண்ணில் படுவது. வேலை இல்லாத லைன் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது.

யூரின் பை

கதீட்டர் போட்ட ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை கூடும். அதனால் முதல் கேள்வி, இவருக்கு இது இன்னும் தேவையா? காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் இதை நீங்கள்தான் கேட்க வேண்டும். "சார், 9-ஆம் கட்டிலுக்குக் கதீட்டர் நாலாவது நாள், எடுத்துடலாமா?" கேட்டால் பாதி நேரம் எடுக்கச் சொல்வார்கள். அவர்கள் மறந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பை எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. வார்டில் இதைச் சரியாக வைத்துவிடுவோம். கெடுவது ஸ்கேனுக்குப் போகும் வழியில். ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்று மேல் வைப்பார்கள், அல்லது கூட வரும் மச்சான் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார். டியூபில் தேங்கிய பழைய சிறுநீர் அப்படியே உள்ளே திரும்பிப் போகும். அனுப்பும் முன் பையைக் காலி செய்து, ஸ்ட்ரெச்சர் கம்பியில் கீழே மாட்டி, "அண்ணே, இதை மேலே தூக்காதீங்க, உள்ளே போயிடும்" என்று ஒரு வார்த்தை. 'உள்ளே போயிடும்' என்றால் புரிந்துகொள்வார்கள்.

காலி செய்ய ஆளுக்கு ஒரு ஜக். ஒரே ஜக்கை வரிசையாக எல்லாப் பைக்கும் காட்டிக்கொண்டே போனால் முதல் பையில் இருந்தது கடைசிப் பைக்குப் போகும். டியூபைக் கழற்றி மாட்டி விளையாட வேண்டாம். மாதிரி எடுக்க அதற்கான இடத்தில் சிரிஞ்சால் எடுங்கள்.

வென்டிலேட்டர் நோயாளிகளுக்குச் சுருக்கமாக: தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைப்பது, வாயைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்வது, கஃப் (மூச்சுக்குழாய் டியூபைச் சுற்றி ஊதி வைக்கும் பலூன்) அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரளவில் இருப்பது, டியூபில் தேங்கும் தண்ணீரை நோயாளி பக்கம் சாய விடாமல் வெளியேற்றுவது. கட்டிலின் கைப்பிடி உடைந்து தலைப்பக்கம் ஏறவில்லையா, தலைப்பக்கத்துக் கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள். அந்தக் கட்டை வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருங்கள்.

காற்று

காசநோய், தட்டம்மை, சின்னம்மை மூன்றும் காற்றில் மிதந்து வரும். தட்டம்மைக்காரர் எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் கிருமி இருக்கும். இவற்றுக்குக் கை கழுவி மட்டும் தப்பிக்க முடியாது.

இதில் நம் ஊர் கொடுத்த ஒரு பாடம் உண்டு. சென்னையில் 1956-ல் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கினார்கள், சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். அப்போதெல்லாம் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை, நல்ல சாப்பாடு, நல்ல காற்று. அந்த மையம் பாதிப் பேரைச் சானடோரியத்திலும், பாதிப் பேரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். அப்புறம் ஐந்து வருடம் குடும்பத்தாரைக் கவனித்தபோது, வீட்டில் வைத்திருந்ததால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை என்றும் தெரிந்தது. மருந்து ஆரம்பித்ததும் தொற்றும் வேகம் சீக்கிரம் குறைந்துவிடுகிறது. தொற்றியதெல்லாம் பெரும்பாலும் கண்டுபிடிக்கும் முன்னரே தொற்றியதுதான்.

நர்ஸுக்கு இதில் என்ன இருக்கிறது? வார்டில் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் காசநோயாளியைப் பார்த்துப் பயந்து, சாப்பாட்டுத் தட்டைத் தூரமாகத் தள்ளிவிடுவது வீண். ஆபத்தானவர் ஓ.பி. வரிசையில் மூன்று வாரமாக இருமிக்கொண்டு, இன்னும் எந்தச் சீட்டிலும் பெயர் ஏறாமல், கைக்குழந்தைக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். அவரை வரிசையிலிருந்து எடுங்கள். "ஐயா, எத்தனை நாளா இருமல்?" என்று கேட்டு, 2 வாரத்துக்கு மேல் என்றால் ஒரு சாதாரண மாஸ்க்கைக் கொடுத்து, திறந்த இடத்தில் உட்கார வைத்து, முதலில் பார்க்க அனுப்பி, சளி டெஸ்டுக்குப் போக வையுங்கள். வரிசையில் நிற்பவர்கள் "அவர் மட்டும் என்ன ஸ்பெஷல்?" என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

நோயாளிக்குச் சாதாரண மாஸ்க், உங்களுக்கு என்95. இதை மாற்றிப் போடுகிறார்கள். என்95 கன்னத்தோடு ஒட்ட வேண்டும், மூச்சு விட்டால் ஓரத்தில் காற்று கசியக் கூடாது. மூக்குக்குக் கீழே தொங்கினால் அது தாடைக்குப் போட்ட உறை.

அப்புறம் ஜன்னல். பெரு நாட்டில் லிமா நகரத்து மருத்துவமனைகளில் காற்றோட்டத்தை அளந்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள 50 வருடத்துக்கு மேற்பட்ட பழைய கட்டடங்களில் மணிக்கு 40 தடவை காற்று மாறியது, புதிய கட்டடங்களில் 17 தடவைதான். காற்றுவழித் தொற்றுக்கான தனி அறைக்குக் கேட்பது மணிக்கு 12. ஆக, நம் ஊர்ப் பழைய ஆஸ்பத்திரிகளின் உயரமான வார்டுகள் நாம் நினைப்பதைவிட நல்ல வார்டுகள், ஜன்னல் திறந்திருந்தால். மார்கழியில் 'பனி அடிக்கும்' என்று சாத்திவிடுவார்கள், பங்குனியில் ஏசி போட்டுச் சாத்திவிடுவார்கள். சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றி விடும், புதுக் காற்றைக் கொண்டுவராது. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். உங்கள் மேசை, காற்று வரும் பக்கம் இருக்கட்டும். காற்று உங்களைத் தாண்டிப் போய் நோயாளியைத் தொட்டு வெளியேற வேண்டும், தலைகீழாக அல்ல.

சின்னம்மை வந்த வீட்டு வாசலில் வேப்பிலை சொருகுவார்கள், பார்த்ததும் வெளியாள் உள்ளே வர மாட்டார். வார்டில் தனி அறைக்கு வெளியே அப்படி ஒரு போர்டு வேண்டும். ஏற்கெனவே அம்மை வந்த நர்ஸை அங்கே போடுங்கள், கர்ப்பிணியைப் போடாதீர்கள். கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தனிமை. டெங்கு நோயாளிக்குக் கொசுவலை பகலில்தான் முக்கியம், ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காய்ச்சலில் இருப்பவரைக் கடித்த கொசு சில நாள் கழித்து அடுத்தவரைக் கடிக்கும் என்பதால் வலை பக்கத்துக் கட்டிலுக்கும் சேர்த்துத்தான்.

தரையும் ஹைப்போவும்

விளக்குமாறால் கூட்டினால் தூசி எழும்பிப் புண்ணில் உட்காரும். ஈரத் துடைப்புதான், சுத்தமான மூலையிலிருந்து கக்கூஸ் பக்கமாக. டிரெஸ்ஸிங்கும் அப்படித்தான், ஆபரேஷன் புண் முதலில், சீழ்ப் புண் கடைசியில். படுக்கை உதறும் நேரத்தில் டிரெஸ்ஸிங் டிரேயைத் திறக்காதீர்கள்.

ரத்தம் சிந்தினால் 1 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினித் திரவம்) வேண்டும். கேனில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள், அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் எத்தனை பங்கு தண்ணீர் என்று வரும். 5 சதவீதம் என்றால் 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர். 30 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்குச் சுமார் 33 கிராம். கிளவுஸ் போட்டு, சிந்தியதை உறிஞ்சும் துணியால் மூடி, மேலே ஹைப்போவை ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், நேற்றுக் கலந்ததில் மணம் மட்டும் இருக்கும். கக்கூஸ் ஆசிட்டோடு சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும், துடைப்பவருக்குத்தான் மூச்சு முட்டும். இதையெல்லாம் துப்புரவுப் பணியாளர் அக்காவிடம் நீங்களே ஒரு தடவை கலந்து காட்டுங்கள். தொற்றுக் கட்டுப்பாட்டில் என்னைவிட அவர் வேலை பெரிது, அவருக்குச் சொல்லிக் கொடுப்பவர்தான் யாரும் இல்லை.

கூட இருப்பவர்கள்

நம் வார்டில் நோயாளிக்கு இரண்டு பேர் கூட இருப்பார்கள். கட்டிலில் உட்காருவார்கள், கட்டிலுக்கு அடியில் சாப்பாட்டுக் கேரியர், பக்கத்துக் கட்டில் பாட்டிக்கும் கை கொடுத்துத் தூக்கி விடுவார்கள். அவர்களை விரட்டி வார்டு நடத்த முடியாது, பாதி நர்சிங் வேலையை அவர்கள்தான் செய்கிறார்கள். சேர்த்துக்கொள்வதுதான் வழி. அட்மிஷன் போட்டதும் கூட இருக்கும் ஒருவரைப் பேசினுக்குக் கூட்டிப்போய்க் கை கழுவிக் காட்டுங்கள். சுவரில் போஸ்டர் ஒட்டுவதைவிட இது பலன் தரும்.

பிரசவ வார்டில் இன்னும் நயமாகப் பேச வேண்டும். குழந்தை பிறந்ததும் வீட்டுப் பெரியவர் விரலால் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைப்பார், சேனை வைப்பது. அவர் பஸ் கம்பி பிடித்து வந்த விரல் அது.

"பாட்டி, பேரப் பிள்ளைக்கு உங்க குணம்தானே வரணும்? தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க, அது போதும். வாயில ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான்."

"எங்க வீட்ல எல்லாருக்கும் வெச்சிருக்கோம் சிஸ்டர்."

"வெச்சிருப்பீங்க பாட்டி. முதல்ல கையக் கழுவிட்டு வாங்க, அப்புறம் குழந்தையை உங்க மடியிலயே வைக்கிறேன்."

மடி என்றதும் முக்கால்வாசிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள். தொப்புளில் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். காய்ந்து தானாக விழட்டும்.

ஊசி

2016 மருத்துவக் கழிவு விதிப்படி ஊசி, பிளேடு எல்லாம் வெள்ளைப் பெட்டியில், சிரிஞ்ச், டியூப், கிளவுஸ் சிவப்பில், ரத்தம் பட்ட பஞ்சும் துணியும் மஞ்சளில், கண்ணாடி நீலத்தில். போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள். குத்திக்கொள்வதில் நிறைய அப்போதுதான் நடக்கிறது. ஊசி வெட்டும் கட்டரை நோயாளி பக்கத்துக்கே ட்ராலியில் கொண்டுபோங்கள், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வார்டில் நடக்காதீர்கள். வெள்ளைப் பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடி விடுங்கள், மேலே அமுக்க வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்ததும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ், 0, 1, 6 மாதம். முடிந்து 1 முதல் 2 மாதத்தில் ரத்தம் கொடுத்து எதிர்ப்புச் சத்து 10-க்கு (mIU/ml) மேல் இருக்கிறதா பார்க்க வேண்டும். பலர் மூன்றாவது டோஸை விட்டுவிடுகிறார்கள். தடுப்பூசி இல்லாதவருக்கு ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகும். ஹெபடைடிஸ் சி-க்கு அதைவிட மிகக் குறைவு, எச்.ஐ.வி-க்கு சுமார் 0.3 சதவீதம். எல்லோரும் பயப்படுவது கடைசியானதற்கு, வாய்ப்பு அதிகம் முதலாவதற்கு.

குத்திவிட்டால்: பிழியாதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட்டோ ஹைப்போவோ ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் தண்ணீரோ சலைனோ விட்டுக் கழுவுங்கள். கையில் இருக்கும் வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். 'டியூட்டி முடியட்டும்' என்று காத்திருக்க வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயன் இல்லை. டாக்டர் தேவை என்று சொன்னால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். வயிற்றைப் புரட்டும், அதற்கும் மருந்து கேளுங்கள். யாருக்குப் போட்ட ஊசி, எத்தனை மணிக்கு, எந்த விரல், எவ்வளவு ஆழம் என்று ரிஜிஸ்டரில் எழுதுங்கள். திட்டுவார்கள் என்று மறைப்பவர்கள் உண்டு. எழுதாவிட்டால் பின்னால் நஷ்ட ஈடோ லீவோ கேட்க ஒரு தாள்கூட இருக்காது. அன்றே உங்கள் ரத்தத்தையும் கொடுத்துவிடுங்கள், பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதத்தில் திரும்பப் பரிசோதனை. அந்த மூன்று தேதிக்கும் அன்றைக்கே போனில் அலாரம் வையுங்கள். அதற்குள் டியூட்டி லிஸ்ட் பல தடவை மாறியிருக்கும், யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.